ரிப்பன் பிடித்த கை

அத்தையின் டிபன் பாக்ஸுக்குள் ரத்தம் தோய்ந்த பேண்டேஜ் துணி இருப்பதை முதலில் கண்டது அம்மாதான். கண்டதும் மூடிவிட்டாள். மூடிவிட்டு, தோசைக்குச் சட்னி கேட்டு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நீ எதையும் பாக்கல" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினேன்.

அது ரத்தமில்லை, சாயம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாயில்லாமல் அப்பாவின் கையில் வளர்ந்தவள். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடை விடுமுறைக்கு இராஜபாளையம் வந்தபோது பை நிறைய அக்ரிலிக் சாய ட்யூப்களைக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் ஊர் வெயிலில் அந்தச் சாயம் தட்டில் பிதுக்கிய சூட்டோடு தோல் கட்டிவிடும். துணியை நனைத்து டிபன் பாக்ஸின் அடியில் விரித்து, அதன்மேல் சாயத்தை வைத்து மூடினால் மறுநாளும் ஈரமாக இருக்கும் என்று அத்தை பொறுமையாக விளக்கினாள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"சோறு வைக்கிற ஏனத்துல சாயத்த வைக்கிறவ, நாளைக்கு எத எங்க ஒளிச்சு வைப்பாளோ" என்றாள் அப்பாவிடம்.

பேண்டேஜ் துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. அப்பா நூல் மில்லுக்குப் போனார். அம்மா, பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வரும் துணியை வீட்டில் உட்கார்ந்து சுருட்டிக் கொடுத்தாள். ஜன்னல் கம்பியில், குடத்து விளிம்பில், என் புருவத்தில், எங்கும் வெள்ளைத் தூசு. அத்தை கழிவுத் துண்டுகளைப் பொறுக்கி, பசை தடவி ப்ளைவுட் பலகையில் ஒட்டி, வெள்ளை பூசிக் காயவைத்து, அதன்மேல் பென்சிலால் கோடிழுப்பாள். கோட்டுக்கு மேல் சாயம். சாயத்துக்கு அடியிலிருந்து துணியின் சின்னச் சின்னக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லாரும் யாரையாவது பார்த்துக்கொண்டிருந்த கோடை அது.

காலையில் பலகையில் ஒரு கை இருக்கும். மதியச் சோற்றுக்குள் அந்தக் கையின்மேல் ஒரு தென்னந்தோப்பு முளைத்துவிடும். மறுநாள் தோப்பின்மேல் மறுபடியும் கை. அக்ரிலிக்கின் குணம் அப்படி. சடுதியில் காயும், அடியில் இருப்பதை யாருக்கும் காட்டிக்கொடுக்காது. ஆனால் நான் அதற்குள் பார்த்துவிடுவேன். எப்போதும் அதே கை. ஆணின் கை, இடது கை, மணிக்கட்டு வரைக்கும்தான். கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். விரல்களுக்கிடையில் ஒரு சிவப்பு ரிப்பன்.

"ஆம்பளக் கையில ரிப்பன் என்னத்துக்கு?" என்று அம்மா என்னிடமே கேட்டாள், கேட்க வேறு ஆளில்லாததால். "எவனோ வாங்கிக் குடுத்திருக்கான். அந்தக் கைய மறக்க முடியாம இவ வரையுதா. நாம பாத்திரக் கூடாதுன்னு அழிக்கா."

இதில் ஒரு பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலைபார்க்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணைக் கொடுத்தால் இந்த ஆவணியிலேயே கல்யாணம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். படிப்பை நிறுத்திவிடலாம் என்றாள் அம்மா. கடைசி வருசம்தானே என்று அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு உரியவன் அகப்பட்டால் அப்பா இழுப்பதை விட்டுவிடுவார். அத்தை சென்னைக்குத் திரும்பிப் போகமாட்டாள். கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. சம்பளமில்லாத போலீஸ்.

ஊரிலுள்ள இடது கைகளையெல்லாம் நான் பார்த்தேன். பால்காரர் கை குட்டை. தையல்கடைக்காரர் கட்டைவிரல் நேராக இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் கையைக் காட்டச் சொன்னதற்கு, "என்ன, ரேகை பாத்துச் சொல்லப்போறியா?" என்று தலையில் குட்டினார். அந்தக் கையில் மச்சம் இருந்தது, படத்தில் இல்லை, தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டையும் நான் விடவில்லை. ஆனால் அப்பாவின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றுவிடும். அம்மாவைக் கட்டுவதற்கு முன்பே மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் எடுத்துக்கொண்டது. படத்திலிருந்த கைக்கு எல்லா விரலும் முழுசு.

பிறகு அத்தை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவேண்டும் என்றாள். கோபுரம் வரையவாம். அம்மா உடனே சரி என்றாள், என்னையும் கூட அனுப்பினாள். டவுன் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். அதையும் நான் குறித்துக்கொண்டேன். காரணமில்லாமல் யார் ஜன்னலோரம் கொடுப்பார்கள்?

கோபுரத்தை அத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டுக்குப் போனாள். பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்தவர் பனியனும் நரைத்த மீசையுமாக வேர்த்து நின்றார். அத்தை பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்ததும் நான் அவருடைய இடது கையைத்தான் பார்த்தேன்.

"அண்ணே, இத இடது கையில செத்த நேரம் பிடிங்களேன். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் எடையில."

"தாயி, பால் அடிபிடிச்சிரும்."

"வலது கையால கிண்டிக்கிட்டே பிடிங்க."

"எங் கைய வரைஞ்சா படத்துல ஈ மொய்க்கும், பாத்துக்கோ" என்று சிரித்தபடியே பிடித்தார். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு விரல்களை மட்டும் வரைந்தாள். மடக்கி, நீட்டி, பக்கவாட்டில், கீழிருந்து. தாள் முழுக்க விரல்கள் வெண்டைக்காய் போலக் கிடந்தன. எனக்கு இலையில் சூடாகப் பால்கோவா வந்தது. அது வாயடைக்கக் கொடுத்த லஞ்சம் என்று தெரிந்தேதான் தின்றேன். தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொல்லியும்விட்டேன்.

"ஒரு ஆளுகிட்ட அத்தை ரிப்பனக் குடுத்தா. வெரலக் காட்டச் சொன்னா."

அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. ஆள் நரைத்த மீசைக்காரர் என்று நான் சொல்ல வந்தது அவள் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மில் லீவு. அம்மா பலகையைத் தூக்கிக்கொண்டுவந்து முற்றத்து வெயிலில் அவர் முன்னால் வைத்தாள். அதுவரை அப்பா அந்தப் படத்தைப் பார்த்ததேயில்லை. ஷிப்டு முடிந்து அவர் வரும்போதெல்லாம் தென்னந்தோப்புதான் இருக்கும். அன்று தோப்பு முளைக்கவில்லை. கை மட்டும், புது விரல்களோடு.

"ஒங்க தங்கச்சிட்ட கேளுங்க. இது எவன் கைன்னு கேட்டுட்டு பொறவு காலேஜப் பத்திப் பேசுங்க."

அத்தை ஓடிவந்து கதவோரம் நின்றாள். "அண்ணே, அது இன்னும் முடியல" என்றாள்.

அப்பா பலகையை இடது கையில் எடுத்துத் தூரப் பிடித்தார். பிறகு பக்கத்தில் கொண்டுவந்தார். வலது கை விரலால் படத்திலிருந்த வளைந்த கட்டைவிரலைத் தடவினார். அங்கிருந்து ரிப்பன் வழியாகப் போய் அந்த இரண்டு விரல்களில் நின்றார். நான் அடி விழுமா, பலகை உடையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பிடித்தான் பிடிக்கணும்" என்றார் அப்பா. "இந்த ரெண்டு வெரலுக்கு எடையில ஒரு நுனிய இறுக்கிக்கிடணும். இல்லன்னா சடையில முடிச்சு நிக்காது."

அம்மா விழித்தாள். "ரிப்பன் கட்டுறதப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அத்தைதான் பேசினாள், அண்ணனிடம் மட்டும். "மத்ததெல்லாம் மனசுல இருந்துச்சுண்ணே. அந்த ரெண்டு வெரலுதான் வரல. கடனா வாங்கிட்டு வந்தேன்."

"காலேஜு என்னைக்குத் தொறக்கு?" என்று அப்பா கேட்டார்.

அவ்வளவுதான். கல்யாணம் இப்போது இல்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்கு அன்றே ஆள் போயிற்று. அம்மா அன்று முழுவதும் துணி சுருட்டினாள், சத்தமில்லாமல். எனக்குத்தான் தாங்கவில்லை. குற்றவாளி பிடிபட்டதாகவும் தெரிந்தது, யாரென்று ஒருவரும் சொல்லவுமில்லை.

அத்தையை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"அது யாரு கைப்பா?"

"முந்தி நம்ம மில்லுல இருந்த ஆளு."

"இப்ப எங்க இருக்காரு?"

"இங்கனதான் இருக்காரு."

இங்கனதான் என்றால் பிடித்துவிடலாம். ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் பிடித்த கைகள், டீ ஆற்றிய கைகள், பீடி பற்றவைத்த கைகள், ஒன்றையும் விடாமல் பார்த்தபடி நடந்தேன். ரோட்டைத் தாண்ட அப்பா என் கையைப் பிடித்திருந்தார், இடது கையால். என் சடையிலிருந்து ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. அப்பா குனிந்து எடுத்தார். அந்தப் பாதி விரல்களுக்கிடையில் வைத்து இறுக்கிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் வைத்தார்.

"குடுங்கப்பா, வீட்ல அம்மா கட்டிவிடுவா" என்று நான் வாங்கிக்கொண்டேன்.

ஊரெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, சந்தேகமே இல்லாமல் தெரிந்த ஒரே விஷயம், என் அப்பாவுக்கு ரிப்பன் கட்டத் தெரியாது என்பதுதான்.