மேரியும் அந்த சாக்ஸபோன் சனியனும்

மேரி இறந்துவிட்டாள். நேற்றுக் காலையில், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில்.

பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று எத்தனை தடவை சொல்வது... "மறந்துட்டேன்ட்டி" என்பாள். நாற்பத்தாறு வயசு. சாகிற வயசா இது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நானும் அவளும் பேக்கிங் செக்‌ஷன். இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு வருஷமாக ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்திக்கு மாவு பிசையும்போது, அவள் போனில் யூடியூப் தானாக எதற்கோ போயிருக்கிறது.

"கை பூரா மாவு. நிப்பாட்ட முடியல. நாப்பது நிமிசம் ஓடிருச்சு... முடியும்போது அழுதுட்டேன்ட்டி. ஏன்னே தெரியல."

எக்ஸ்பெரிமென்டல் ஜாஸாம், ஏதோ வெளிநாட்டு வாத்திய இசை. அந்தப் பேரே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் பஸ்ஸில் ஒரு இயர்போனை என் காதில் சொருகிவிட்டாள்.

சாக்ஸபோன் வாசிக்கிறவருக்கு வயிற்றுவலி என்றே நினைத்தேன். டிரம்ஸ்காரர் யாரையோ துரத்திக்கொண்டிருந்தார். பல்லவி கிடையாது, சரணம் கிடையாது... காலை ஏழரை மணிக்கு இதெல்லாம் தேவையா?

"செத்த நேரம் டிரம்ஸை மட்டும் கேளு. பொறவு மத்ததுக்குப் போ" என்பாள். கழற்றினால் திரும்ப மாட்டுவாள். ஆறு மாதம் இந்த ரோதனை.

ஒருநாள் டிரம்ஸ், சாக்ஸபோன், பியானோ மூன்றும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரே நொடியில் மூன்றும் நின்றன. நிமிர்ந்து பார்த்தால் நாங்கள் இறங்க வேண்டிய பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருக்கிறது.

லேட்டாகப் போய் சூப்பர்வைசரிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம். மேரி சிரித்துக்கொண்டே வாங்கினாள். "மாட்டிக்கிட்டியா?" என்றாள்.

மாட்டிக்கொண்டேன்தான். வீட்டில் துணி மடிக்கும்போதுகூடக் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆடி மாதம் கம்பெனியில் எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் வேன் ஸ்பீக்கரில் மேரி தன் போனை கனெக்ட் பண்ணிவிட்டாள். யார் கேட்டது இவளை...

"யாருலே அது, ஆட்டை அறுக்கான்?" என்றார் சூப்பர்வைசர். வேன் முழுக்கச் சிரிப்பு. "செட்டு ரிப்பேராண்ணே?" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி டிரைவரைக் கேட்டாள்.

மேரி விடவில்லை. "கேக்கக் கேக்க எம்புட்டு நல்லாருக்கும் தெரியுமா? இவளும்தான் கேப்பா" என்று என்னைக் காட்டினாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா? எனக்கு இந்தக் கருமம்லாம் தெரியாதுப்பா" என்றேன்.

அவள் சிரித்தாள். பாட்டை நிறுத்திவிட்டு, போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதே பஸ். பிள்ளைகள் பற்றிப் பேசினாள், மீன் குழம்பு பற்றிப் பேசினாள். ஆனால் இரண்டு இயர்போனையும் தன் காதிலேயே மாட்டிக்கொண்டாள்.

திட்டித் தொலைத்திருக்கலாமே மேரி... ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கும் வாய் வரவில்லை. என்ன பெரிய ரோஷமோ.

மூன்று வாரம் முன்னால் ஒரு பியானோக்காரியைக் கண்டுபிடித்தேன். விரலால் வாசித்தது போதாதென்று முழங்கையாலும் அடிக்கிறாள். உடனே மேரியின் ஞாபகம்தான் வந்தது. லிங்க்கை காப்பி பண்ணினேன். அனுப்பவில்லை. தினம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இன்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாகக் கும்பிடு. நடுவில் ஒருத்தர், "நல்ல மனுசி, அவங்க பாட்டுதான் தாங்க முடியாது" என்று போட்டிருக்கிறார். அதற்குப் பதினாலு பேர் சிரிப்பு எமோஜி. எரிச்சலாக இருக்கிறது. அவர்கள் மேல் எரிச்சல்பட எனக்கு என்ன யோக்யதை?

அந்த வேனில் இருந்த எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தப் பாட்டை நானும் கேட்பேன். எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு நான் சொன்னது பொய்.

அந்தப் பியானோக்காரி லிங்க்கைக் கீழே கமெண்ட்டில் போட்டிருக்கிறேன் மேரி. பத்தொன்பது நிமிஷம்.

போயிட்டு வா, ஏட்டி.