இரண்டு மடங்கு வேகம்

வீட்டில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். அடுத்த அறையில் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் போதும், வந்து நிற்பாள் என்று அப்பா வைத்த பட்டம். அந்தக் காதை நம்பித்தான் முனைவர் பட்டம் வாங்கினாள், கடல் தாண்டி ஆய்வு வேலைக்கும் வந்தாள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வேலை என்னவென்றால், வயதானவர்கள் வந்து, வெளிச்சத்தம் நுழையாத ஓர் அறையில் உட்கார்ந்து, கொடுத்த பத்தியைப் படிப்பார்கள். சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டிய அறை. கதவைச் சாத்தினால் நம் நெஞ்சு அடித்துக்கொள்வது நமக்கே கேட்கும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே விழும் இடைவெளியை அவள் எழுதிய கணினி நிரல் அளந்து கோடாகப் போடும். கோடு ஏறினால் நரம்பு தளர்கிறது என்று பொருள். மருத்துவருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் நிறுத்தங்களை ஒரே மூச்சில் கூவிய வாய். தினமும் காலையில் அவளுக்குக் குரல் செய்தி அனுப்புவார். குழாயில் தண்ணீர் வராதது, அக்கா மகன் வாங்கிய மார்க்கு, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, ஒன்றையும் விடமாட்டார். ஐந்து நிமிடம் போகும். அவள் ரயிலில் நின்றபடி அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாள். இறங்குமுன் "சரிப்பா" என்று தட்டிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. ஊரான் வீட்டுக் கிழவர்களை மில்லி நொடி பிசகாமல் கேட்பவளுக்குப் பெற்ற அப்பாவைக் கேட்க அவ்வளவுதான் பொழுது.

ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் நுரையீரலுக்குள் போய்விட்டது. ஐந்தாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நரம்பு நோய் என்றும், மாதக்கணக்கில் இருந்திருக்கும், முதலில் பேச்சில்தான் தெரிந்திருக்கும் என்றும் மருத்துவர் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

"நான் கூடவே இருந்தேன், எனக்குத் தெரியலடி," என்றாள் அக்கா. "நீ அதையேதானே படிச்சே? தினம் அவர் பேசறத நீதானே கேட்டே?"



வேலைக்குத் திரும்பி வந்த பிறகு அப்பாவின் குரல் அவளை விடவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கேட்டது. யாரோ ஒரு முதியவர் பத்தியைப் படித்து நடுவில் நிறுத்தினால், அந்த மௌனத்தில் அப்பா மூச்சு இழுத்தார். ஹெட்போனைக் கழற்றினாலும் இழுத்தார். அவள் திரும்பிப் பார்ப்பாள். ஸ்பாஞ்சுச் சுவர்தான் இருக்கும்.

ஒரு மதியம் அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு செய்திகளையும் நிரலில் கொட்டினாள். காதால் கேட்கத் தெம்பில்லை, இயந்திரம் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். முதல் நான்கு மாதம் கோடு தரையோடு கிடந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சட்டென்று நிமிர்ந்தது. அதன்பின் இறங்கவே இல்லை, மெல்ல மெல்ல மேலேதான் போனது. ஒன்பது மாதம் அப்பா தினமும் வந்து சொல்லியிருக்கிறார், நான்தான் கேட்காமல் அவரைச் சாகவிட்டேன் என்று நினைத்தாள்.

ஆனால் எந்த நரம்பு நோயும் ஒரே நாளில் அப்படி ஏறாது. அது அவளுக்குத் தெரியும். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் சாதாரண வேகத்தில் ஓடவிட்டாள்.

"பாப்பா... அக்கா ஒண்ணு சொன்னா. நான் பேசறத நீ ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டித்தான் கேப்பியாமே? தப்பில்லம்மா, உனக்கு ஆயிரம் வேலை. ஆனா என் பேச்சே எக்ஸ்பிரஸ் வண்டி, அதையும் விரட்டினா உனக்கு என்ன புரியும்? இனிமே நான்... நிறுத்தி... நிறுத்திப் பேசறேன். நீ ஓட்டினாலும் சரியா இருக்கும்."

செய்திக்குக் கீழே, அன்றைக்கு அரைகுறையாகக் கேட்டுத் தட்டிய 'சரிப்பா' இருந்தது. அவள் வெளியே ஓடி வந்து போனில் அக்காவை அழைத்தாள். "அக்கா, வீட்ல அப்பா எப்படிப் பேசுவார்? மெதுவாவா, வேகமாவா?"

"வீட்ல எங்கடி பேசினார்? கேட்டா 'ம்'னு ஒரு சத்தம். வாயத் தொறந்து பேசினதெல்லாம் உனக்குத்தான்."

அவள் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்தக் கோட்டில் எது வரை தனக்காக அப்பா நிறுத்தியது, எங்கிருந்து நோய் நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல அவளிடம் நிரல் இல்லை. இனி யாரிடமும் கேட்கவும் முடியாது.

கடைசி நாள் செய்தியை எடுத்தாள். சாதாரண வேகத்தில் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அப்பா எங்கோ போய்விட்டு வந்தார். பத்து நொடிக்கு மேல் தாங்கவில்லை. பழக்கதோஷம், விரல் தானாக வேகத்தைத் தட்டியது.

நாய்க்குட்டிகளில் ஒன்று படியேறக் கற்றுக்கொண்டதைப் பழைய கண்டக்டர் மூச்சு விடாமல் சொன்னார். ஒரு பிசிறு இல்லை, ஒரு தடங்கல் இல்லை. இரண்டு மடங்கு வேகத்தில் அப்பா நன்றாகத்தான் இருந்தார்.