செண்பகம் அக்கா வளர்த்த குண்டுக்கரிச்சான்

செண்பகம் அக்காவுக்குக் கோபம் வந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டே அதிரும். எங்கள் இரும்பு ஆலையில் பதினோரு வருடமாகப் பெருக்குகிறார். பெருக்கிய இடத்தில் மேனேஜர் எச்சில் துப்பினாலும் நிற்க வைத்துக் கேட்பார். அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு பறவையிடம் தோற்றுப்போனார்.

போன வருடம் பழைய ஷெட்டை இடித்தபோது சுவர்ப் பொந்திலிருந்த குண்டுக்கரிச்சான் கூடு விழுந்தது. பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. தாயும் தகப்பனும் திரும்பி வரவில்லை. அக்கா அதை லோடிங் இடத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமில் வைத்து, புழுவும் வெட்டுக்கிளியும் ஊட்டி வளர்த்தார். பூனைக்குப் பயந்து மாதக்கணக்கில் வெளியே விடவே இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக நல்ல ஆண் பறவையாக வளர்ந்த பிறகுதான் கதவைத் திறந்தார். அது எதிரே இருந்த வேப்பமரத்தில் குடியேறியது.

பங்குனியில் அது வாயைத் திறந்தது. "பீப்... பீப்... பீப்..." நான் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸில் வரும்போது போடும் சத்தம், அச்சு அசல்! நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. "பொட்டை ஒண்ணு வருதுடா வரதா. இவன் கத்துறத கேக்குது, போயிடுது. பேஜாரா கீதுடா, இன்னா பண்றது?"

போனில் தேடிப் பார்த்தேன். தகப்பன் பாடக் கேட்டுத்தான் குஞ்சு பாட்டுப் படிக்குமாம், அதுவும் சின்ன வயதிலேயே. அந்த வயதில் இது கேட்டதெல்லாம் என் வண்டியைத்தான். சொன்னதும் அக்காவின் முகம் செத்துவிட்டது.

"பூனைகிட்டருந்து காப்பாத்திட்டேன்னு இருந்தேனே! பாட்டுக்கு நான் எங்கடா போவேன்?"

மரத்தடியில் நின்று போனில் அசல் பாட்டைப் போட்டோம். நான்கு நாள் விடாமல் போட்டோம். தலையைச் சாய்த்துக் கேட்கும். கேட்டு முடித்ததும் "பீப்" என்னும். எனக்கே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பொட்டை மதிலைத் தாண்டிப் பறந்தது. பிறகு வரவே இல்லை.

மறுநாள் மதியம் வண்டியைப் பின்னால் எடுத்தேன். சத்தம் கேட்டதும் குண்டுக்கரிச்சான் பறந்து வந்து வண்டிக்குப் பின்னால் தரையில் இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி வாலை விரித்து "பீப்... பீப்..." என்று கூப்பிட்டது. சட்டென்று பிரேக் போட்டேன். அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்து அதைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் நைனா, அது வண்டிடா! பொட்டை இல்லடா!"

நான் வண்டியை அணைத்தேன். வண்டியின் பதில் நின்றுபோனதும் அது இன்னும் சத்தமாகக் கூப்பிட்டது.