பண்ணைக் கடலோரம் ஞானாம்பிகை

"கெதியா நட பிள்ளை. தேரே இழுக்கிறாய்?"

ஞானாம்பிகையின் குரல் பூங்காவுக்குள் முதலில் வரும், ஆள் பிறகுதான். கைத்தறிச் சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. "அவனோடை கோவம். சப்பாத்து என்ன செய்தது?" என்பார். பக்கத்தில், குனிந்த தலையோடு மருமகள் ஆரணி.

கொக்குவிலில் பஸ் ஏறி, நகரத்தில் இறங்கி, கோட்டை மதிலோரமாக நடந்து பண்ணைக் கடலோரப் பூங்காவுக்கு வருகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கத் தெரு, ஒழுங்கை இல்லாமல் இல்லை. "அங்கை ஆர் பாக்கிறது? நாலு சனம் பாக்கத்தானே நடக்கிறம்."

கச்சான் கடலை விற்பவரோடு ஒவ்வொரு பின்னேரமும் சண்டை. "என்ன அண்ணை, கச்சானோ, வெறுங் கோதோ?" ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகே வாங்குவார்.

கடலைப் பார்த்துப் போட்டிருக்கும் வாங்கில் யார் உட்கார்ந்திருந்தாலும் கதை கொடுப்பார். காற்று வாங்க அங்கே வந்து இருந்த என்னிடமும் முதல் நாளே எல்லாம் சொன்னார். மகன் செந்தூரன் கலியாணம் முடித்துக் கனடாவுக்குத் திரும்பியவன். ஆரணியைக் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று இழுத்தடித்தவன், போன மாரியில், தனக்கு அங்கே வேறு குடும்பம் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். ஆரணியை அருகில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது கொடுமையாகவே பட்டது. "நான் சொல்லாட்டி சனம் வேறை மாதிரிக் கதைக்கும்" என்றார்.

அந்த மாரி முழுதும் ஆரணி அறையை விட்டு வெளியே வரவில்லை. நீர்வேலியில் தாய்வீடு இருக்கிறது. அங்கே கலியாணமாகாத தங்கைகளும் இருக்கிறார்கள் என்று போக மறுத்துவிட்டாள். ஒருநாள் ஞானாம்பிகை கதவைத் தட்டினார்.

"பிழை விட்டவன் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியிறான். நீ ஏன் ஒளிச்சிருக்கிறாய்? வெளிக்கிடு."

மகனைவிட மருமகளா பெரிது என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். "பெத்தனான், விட்டெறிய ஏலாது. ஆனால் அவன்ரை பிழைக்கு நான் குடை பிடிக்கமாட்டன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

இப்போது ஆரணியும் இடைக்கிடை வாய் திறக்கிறாள். "வாயை மூடிக்கொண்டு நடந்தால் உங்களுக்கு மூச்சு வாங்காது, மாமி." ஞானாம்பிகை சிரித்த சிரிப்பில் மீன் பார்த்துக்கொண்டிருந்த கொக்கு எழுந்து பறந்தது.

போன ஞாயிறு, அவருடைய ஒன்றுவிட்ட தங்கை பூங்காவில் இருந்தார். ஆரணியைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வாங்கில் மிச்சமிருந்த ஓராள் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"நீங்கள் இருங்கோ அக்கா."

"ஓம், இடம் இருக்குத்தான்."

ஞானாம்பிகை ஆரணியின் தோளைப் பிடித்து அந்த இடத்தில் இருத்தினார். பிறகு வாங்கைச் சுற்றிப் போய், தங்கை முகத்தைத் திருப்பி வைத்திருந்த பக்கத்தில், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.