மீனாள் திறந்த கூண்டு

பேசும்போது மீனாள் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. பார்வையை எதிரில் இருப்பவரின் மோவாயில் நிறுத்திக்கொள்கிறாள். போன மாதம் சொந்த ஊரான அரிமளத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதை அடக்கம் என்று மெச்சினார்களாம்.

"அடக்கமெல்லாம் இல்லைங்க. நேருக்கு நேர் பாத்தா சண்டைக்கு வாரோம்னு குரங்கு நெனைச்சுக்கும். அதே பழகிப்போச்சு" என்கிறாள்.

திருச்சிக் கல்லூரியில் விலங்கியல் படிப்பவள். இந்த 1962 கோடை விடுமுறையைக் கீரனூருக்கு வெளியே, குரங்குகளின் நடத்தையை ஆராயும் கூடத்தில் கழிக்கிறாள். பூ வைப்பதில்லை, கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு பறித்துவிடும். படிப்பு முடிந்ததும் இங்கேயே ஆராய்ச்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பேராசிரியர் ஏகாம்பரமும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தால் என்ன ஆகும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காக ஒரு குட்டியைப் பிரித்து எடுத்தவளும் மீனாள்தான். முதலில் குட்டி ஓயாமல் கத்தியது. பிறகு கத்துவதை விட்டு, தன்னையே கட்டிக்கொண்டு மூலையில் சுருண்டது. பழத்தைத் தொடவில்லை.

"சேத்துருவோம் சார். இனிமே அது தாங்காதுங்க."

"பாதியில விட்டா, இதுவரைக்கும் அது பட்ட பாடும் வீணாப் போயிரும்மா" என்றார் ஏகாம்பரம். அந்தக் கூடத்தைப் பற்றி எழுதப் போயிருந்த என்னிடம் இதைச் சொன்னவர் அவரேதான். அன்று அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லையாம்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே மீனாள் கூண்டைத் திறந்து குட்டியைத் தாயிடம் விட்டாள். பிறகு வாசலுக்குப் போய் அவருக்காகக் காத்து நின்றாள்.

"நான்தாங்க சேத்துவிட்டேன். ஒங்களைக் கேக்காம செஞ்சது தப்பு. ஆனா மறுபடி பிரிக்க என்னால ஆகாதுங்க."

அவர் உள்ளே போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தார். "படிப்பு முடிஞ்சு இங்கிட்டு வராதே. ஒனக்கு எடமில்லை."

"சரிங்க."

குட்டியை அவர் மறுபடி பிரிக்கவில்லை. மீனாளும் ஊருக்குப் போய்விடவில்லை. ஆராய்ச்சியில் இனி அவளுக்கு வேலை கிடையாது. விடுமுறை முடியும்வரை கூண்டு கழுவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இடம் போனதில் வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்குங்க. அழுதேன். குட்டி தேறுறதைப் பாத்துட்டுப் போறேன்."

நான் கிளம்பும்போது தண்ணீர் வாளியோடு அந்தக் கூண்டருகே வந்தாள். தாயின் மடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. வாளியை இறக்கி வைத்தவள், இரும்புக் கைப்பிடியைச் சட்டென்று விட்டுவிடாமல் மெல்லத் தணித்து, ஓசையின்றி விளிம்பில் சாய்த்தாள்.