கால்வாய்த் தெருவின் எண்பத்து மூன்று பேர்

அவளை எல்லோரும் மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிப்பவள். இத்தனை வருடத்தில் கணக்கு தவறு என்று அவள்மேல் வந்த புகார் இரண்டே இரண்டு. இரண்டிலும் பழுது மீட்டரில் இருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வியாழக்கிழமை மாலை நாலு முப்பத்தைந்துக்கு, நகர நூலகத்தின் மாடியில், நாற்பது பேர் பார்க்கக் கணக்கு தவறியது.

மூன்று வாரத்துக்கு முன்பு நகரமன்றம் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்து, அந்த வரைவுப் படத்தை நூலக வாசலில் ஒட்டியிருந்தது. பதினான்காம் வார்டில் இருந்த கால்வாய்த் தெரு, கோட்டுக்கு அந்தப் பக்கம், பதினைந்தில் கிடந்தது. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். ஒன்பது வருடம் மனுமேல் மனுவாகக் கொடுத்து, தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஒரு பம்பு அறைக்குப் பதினான்காம் வார்டு கவுன்சிலரிடம் இப்போதுதான் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். அறை வரப்போகும் இடம் பதினான்கிலேயே இருந்தது.

“பம்பு ஒரு வார்டுல, தண்ணி ஒரு வார்டுல. நல்லா இருக்கும்மா நியாயம்,” என்றார் அந்தத் தெருவின் தையல்காரர். போன மழையில் அவருடைய இரண்டு தையல் மிஷின்களும் சேற்றில் நின்றன. “ஓட்டுப் போடாத தெருவுக்கு எந்தக் கவுன்சிலர் பம்பு ஓட்டுவான்?”

ஆட்சேபம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். படிவம் இலவசம். ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ஆனால் நூலகத்தில் படிவம் கொடுத்த எழுத்தர் ஒன்று சொன்னார்: “வேண்டாம்னு மட்டும் எழுதினா பதிவு பண்ணிக்குவாங்க. வேற எப்படிக் கோடு போடலாம்னு எழுதிக் காட்டினாத்தான் உக்காந்து பார்ப்பாங்க. எந்த வார்டும் ஆறாயிரத்து முந்நூறு பேரைத் தாண்டக் கூடாது. ஐயாயிரத்து எழுநூறுக்குக் கீழயும் போகக் கூடாது.”

மீட்டரம்மாவுக்கு இது கைவந்த வேலை. கால்வாய்த் தெரு நீங்கலாகப் பதினான்காம் வார்டில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேர் என்று படத்தின் ஓரத்திலேயே போட்டிருந்தது. தெருவில் எத்தனை பேர் என்பதை மீட்டர் பார்க்கப் போகும்போதே வீடுவீடாகக் கேட்டு, அதே நோட்டில் குறித்தாள். முந்நூற்று நாற்பத்தெட்டு. கூட்டினால் ஆறாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு. வரம்புக்குப் பன்னிரண்டு குறைவு. பிறகு கால்வாய்த் தெருவிலும், அதே பதினான்கில் தான் குடியிருக்கும் மேட்டு வரிசையிலும் கையெழுத்து வாங்கினாள்.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் பதினேழாவது. இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தாள். தையல்காரர் பின்வரிசையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வார்டு எல்லைக் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா. ஆனா கணக்கு இடிக்குதே. எங்க பதிவுல அந்தத் தெருவுல நானூத்து முப்பத்தோரு பேர். சேர்த்தா ஆறாயிரத்து முந்நூத்து எழுபத்தொண்ணு ஆகுது. அதனாலதான் வெட்டினோம்.”

“உங்க பதிவு பழசா இருக்கும் சார்.”

“போன வருஷத்துது.”

எண்பத்து மூன்று பேர் வித்தியாசம். எண்பத்து மூன்று பேர் எங்கே போனார்கள்? நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ‘பூ’, ‘பூ’ என்று சின்னச் சின்ன எழுத்து. பூட்டிய வீடு. மீட்டர் வேலையில் பூட்டிய வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் எண் எழுதக் கூடாது. போன மாதக் கணக்கை வைத்து அலுவலகமே போட்டுக்கொள்ளும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஆட்களை எண்ணும்போதும் கை அதையே செய்திருந்தது. இருபத்து மூன்று வீடுகள். குடும்பத்தோடு பகலில் பேக்கிங் கம்பெனிக்குப் போய்விடுகிறவர்கள்.

“தப்பு என்னுது சார்,” என்றாள்.

“இன்னும் அஞ்சு பேர் பேசணும். அவங்க முடிக்கறதுக்குள்ள திருத்தி எழுதிக் குடுத்தா எடுத்துக்கறேன். அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடிடுவோம். நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது.”

தையல்காரர் ஓடிவந்தார். “என்னம்மா ஆச்சு?”

“எழுபத்தோரு பேரை வெளியே தள்ளணும் அண்ணே. பதினைஞ்சாம் வார்டை ஒட்டி இருக்கற யாரையாவது.”

இருவரும் படத்தின்மேல் குனிந்தார்கள். ஒரு பக்கம் சந்தை. அங்கே குடியிருப்பு இல்லை. இன்னொரு பக்கம் முந்நூறு பேர் இருக்கும் அடுக்குமாடி. அதைப் பாதியாக வெட்ட முடியாது. மிச்சம் ஒன்றுதான். அதை இருவருமே பார்த்தார்கள்.

மேட்டு வரிசை. பதினாறு வீடு, எழுபத்து நான்கு பேர். பூட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. அவள் வீடும் அதில்தான்.

வெளி வராந்தாவுக்குப் போய், பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கொட்டினாள்.

“நம்ம வரிசைக்கு மழைத்தண்ணி வருமா?” என்றாள் நாத்தனார்.

“வராது அண்ணி. மேடு.”

“புது வார்டு ஆபீஸ்?”

“ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மேம்பாலம் ஏறணும். அம்பத்திரண்டு படி.”

“எண்ணி வச்சிருக்கியா? என் முட்டியை எண்ணினியா?”

உள்ளே இருபதாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.

“அண்ணி, நேரம் இல்லை. மத்தவங்களைக் கேக்கவும் முடியாது. அவங்க கையெழுத்து என் பையில இருக்கு. அதை வச்சே அவங்களை வெளிய அனுப்பற மாதிரி இருக்கு.”

“அதான் செய்யப் போற. எங்கிட்ட எதுக்குக் கேக்கற?”

“யாராவது ஒருத்தர் தெரிஞ்சு சரின்னு சொல்லணும்.”

“நான் சரிங்கறேன். என் வீட்டுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு நீயே போய்ச் சொல்லு. இன்னிக்கே சொல்லு. நாளைக்கு நோட்டீஸ் போர்டுல பார்த்துத் தெரிஞ்சுக்க விடாதே.”

நாலு ஐம்பத்து மூன்றுக்குத் திருத்திய கோட்டை எழுதினாள். கால்வாய்த் தெரு உள்ளே, மேட்டு வரிசை வெளியே, ஆறாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பதினைந்தாம் வார்டின் கணக்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள், வரம்புக்குள் நின்றது. மேட்டு வரிசையின் கையெழுத்துத் தாள்களை மட்டும் உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தாள். எழுத்தர் முத்திரை வைத்தபோது மணி நாலு ஐம்பத்தெட்டு.

தையல்காரர் நன்றி சொல்ல வந்தார். “இப்ப வேண்டாம் அண்ணே,” என்று படியிறங்கினாள்.

அன்று மாலையே பதினான்கு கதவைத் தட்டினாள். ஐந்தாவது வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

“கையெழுத்து வாங்க வந்தப்ப இதைச் சொல்லலையே.”

“அப்ப எனக்கே தெரியாது.”

“கோடு போட்டப்ப?”

“தெரிஞ்சுதான் போட்டேன்.”

அவர் தன் கையெழுத்துத் தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பத்தொன்பதாம் நாள் இறுதிப் படம் வெளியானது. கோடு அவள் வரைந்தபடியே இருந்தது. பம்பு அறைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மேட்டு வரிசையின் மற்றப் பதினான்கு வீட்டில் பதினொன்று அவளோடு பழையபடி பேசுகின்றன. மூன்று வீடுகள், மீட்டரைக் காட்ட மட்டும் கதவைத் திறக்கின்றன.