மச்சான் லாரியில் இருப்பது எந்த ஊர் எஞ்சின்?

போன வாரம் கொடைக்கானலில் ஒரு லாரியின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி மூன்று நாள் கழிந்தது. எனக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? பேனாவுக்கு மை ஊற்றத் தெரியும்... அவ்வளவுதான்.

லாரி என் அக்கா வீட்டுக்காரருடையது. பூம்பாறையில் உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர். யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரி. இரண்டு மூன்று கை மாறி மச்சானிடம் வந்தது. கிழங்கு ஏற்றக் காலியாகப் போன வண்டி, கொடைக்கானல் தாண்டுவதற்குள் புகை கக்கி நின்றுவிட்டது.

பழனியில் இருந்த எனக்கு மச்சானின் டிரங்க் கால்.

"மாப்ளே, கேஸ்கட் போயிருச்சு. அமெரிக்கா லாரி. ஆர்.சி. புக்குல இருக்கிற பேரைச் சொல்றேன், குறிச்சுக்க. திண்டுக்கல்ல வாங்கிட்டு வெரசா வந்துரு. தோண்டுன கிழங்கு எம்பது மூட்டை சாக்குல கெடக்கு. மழை வேற புடிச்சுக்கிருச்சு!"

கேஸ்கட் என்பது எஞ்சினின் உடலுக்கும் மேல்மூடிக்கும் நடுவே வைக்கிற தகடு. வட்ட வட்டமாக ஓட்டைகள் இருக்கும். எஞ்சினுக்கு எஞ்சின் ஓட்டை மாறும். இதையெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

கொடைக்கானல் ஷெட்டில் மெக்கானிக் இருதயம் நான் வாங்கிப்போன பொட்டலத்தைப் பிரித்தார். தகட்டைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

தகட்டில் ஆறு பெரிய வட்டம். எஞ்சினில் நாலே நாலு குழி.

"கடைக்காரர் சரியாத்தான் குடுத்திருக்காரு சார்," என்றார் இருதயம். "லாரிதான் தப்பு."

"என்னய்யா சொல்றே?" என்றார் மச்சான்.

"பாடி அமெரிக்கா. எஞ்சின் அது இல்லைங்க. எவனோ மாத்திருக்கான். நீங்க பானெட்டைத் தொறந்தே பாக்கலியா?"

"ஓடுச்சே... அப்புறம் எதுக்குத் தொறக்கணும்?"

நியாயமான கேள்வி.

சரி, அமெரிக்கா இல்லையென்றால் எந்த ஊர்? இருதயத்திடம் இரண்டு செட் ஸ்பானர் உண்டு. எஞ்சினின் மேல்நட்டுக்கு இங்கிலீஷ் ஸ்பானர் பிடித்தது. எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கிற போல்ட்டுக்கு அமெரிக்க ஸ்பானர் பிடித்தது. "அப்போ பாதி பாதியா?" என்று கேட்டேன். அவர் பீடி பற்றவைத்தார்.

மறுநாள் ஷெட்டில் சின்னக் கூட்டம். ஜெர்மன் என்றார் ஒருவர். ஜப்பானேதான் என்றார் இன்னொருவர். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள் — ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஊரைத்தான் சொல்வார்கள்! வெளியே மழை. மச்சான் வாசலுக்கும் லாரிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

எஞ்சின் நம்பராவது தெரியுமா என்று இருதயம் உளியால் சுரண்டினார். மேலே பச்சைப் பெயிண்ட். அதற்கடியில் நீலம். அதற்கும் அடியில்... நல்ல சிவப்பு. எஞ்சினுக்கு யார் சிவப்படிப்பார்கள்?

அப்போதுதான் வேலாயுதம் வந்தார். கொழும்பிலிருந்து திரும்பிவந்து, இங்கே ரொட்டி விற்கிறவர். அவர் அதைப் பாண் என்பார். கூடையை இறக்கியவர், குனிந்து அந்தச் சிவப்பைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

"இது லாரி எஞ்சின் இல்ல ஐயா. நெருப்பணைக்கிற பம்போடது. யுத்தத்துல கொழும்பு கப்பல் ஹாபர்ல குண்டு போட்டப்போ இதே சாதிப் பம்பைத்தான் நாங்க ஆறு பேரு தள்ளிக்கிட்டு ஓடினோம்."

இருதயம் உளியைக் கீழே வைத்தார்.

"நாலு பேருதான் திரும்பினோம்," என்றார்.

கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "வெள்ளைக்காரன் கார் எஞ்சினைத்தான் பம்புல வச்சு அனுப்பினான். எங்க பெரியதுரை காரும் இதே எஞ்சின்தான். விளங்குதா?" காரின் பேரையும் சொன்னார்.

இங்கிலீஷ் எஞ்சின், அமெரிக்கச் சட்டத்தில் உட்காரவைக்க அமெரிக்க போல்ட். இருதயத்தின் முகம் தெளிந்தது. நான் அடுத்த பஸ்ஸில் மதுரைக்கு ஓடினேன். அந்தக் காருக்கான கேஸ்கட் முதல் கடையிலேயே கிடைத்தது. நாலு வட்டம்!

கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால்... தகட்டில் இரண்டு சின்ன ஓட்டை அதிகம். மேல்மூடியில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

"மூடி இன்னொரு எஞ்சினோடதா இருக்கும்," என்றார் இருதயம் சோர்ந்துபோய். "ஓட்டை குறைஞ்சாத்தான் வம்பு. கூடினாப் பரவாயில்லை. இதுக்கு மேல கேக்காதீங்க சார்."

கேட்கவில்லை. லாரி உறுமிக் கிளம்பியது. பூம்பாறை போனபோது பன்னிரண்டு மூட்டை நனைந்து அழுகியிருந்தன. அக்கா அவற்றைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைப் படுதா போட்டு மூடிக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு மூட்டையோடு மலை இறங்கினோம்.

வத்தலக்குண்டுப் பக்கம் ஓர் அதிகாரி வண்டியை நிறுத்தினார். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். பானெட்டைத் திறந்தார். நம்பரைத் தேடினார். புத்தகத்தை மறுபடி புரட்டினார். அந்தக் குழம்பிய முகம் எனக்கு நன்றாகப் பழக்கமான முகம் — மூன்று நாளாக ஷெட்டில் எல்லோர் கழுத்துக்கும் மேலே இருந்தது அதுதான்.

"என்னய்யா இது? எந்த ஊர் எஞ்சின்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கிழங்கு மூட்டையைப் பார்த்தேன். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கைகட்டி, முழு நம்பிக்கையோடு சொன்னார்:

"பூம்பாறைதானுங்க!"

மூன்று நாளில் நான் கேட்ட பதில்களிலேயே குழப்பமில்லாதது அது ஒன்றுதான்.